கொம்பு ஊதினால்தான் கொடி ஏறும்

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி சிங்கப்பூரின் தேசிய தினத்தை வாணவேடிக்கையோடு கொண்டாடிவிட்டு, அந்தப் புகை அடங்குவதற்குள் இன்னொரு நாட்டின் சுதந்திர தினத்துக்குப் பெட்டி கட்டுகிற குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். நான் சிங்கப்பூர் தேக்காவில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. என் கணவர் டேனியல் மும்பையில் பிறந்த யூதர். கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்கள் அவர்கள். வீட்டுப் பேச்சு மராத்தி, வழிபாடு எபிரேயம், கோபம் வந்தால் இந்தி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் மதம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறேன், வெளியே போனால் அவர்களுக்கு ஆகாத இறால் சாப்பிடுகிறேன். அவருக்கு இரண்டும் தெரியும், ஒன்றை மட்டும் தெரியாத மாதிரி இருப்பார்.

இந்தத் தடவை கிளம்பியதற்குக் காரணம் எஸ்தரின் ஃபோன். எஸ்தர் என் கொழுந்தன் சாமுவின் மனைவி. அவளும் மும்பைக்காரிதான். ஆனால் சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்ததில், அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் காசிமேட்டில் பிறந்தவள் என்று சத்தியம் செய்வீர்கள். "அக்கா, இந்த வாட்டி ஊத மாட்டேன்றாரு. நீங்க ரெண்டு பேரும் வந்தாதான் ஆவும்" என்றாள். அதற்குமேல் அழுகை.

ஊதுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாமு துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கிற கம்பெனியில் எஞ்சினியர். சென்னையில் அவர்கள் கூடித் தொழுவதற்கு ஓர் ஆலயம் கிடையாது. அதனால் ஆகஸ்டு பதினைந்து காலையில் அவர் தன் வீட்டு மொட்டை மாடியையே ஆலயமாக்கிவிடுவார். தாவீது ராஜாவின் துதிப் பாடல்களைப் பாடி, நாட்டுக்கான பிரார்த்தனையைச் சொல்லி, கடைசியில் ஆட்டுக்கடாக் கொம்பை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதுவார். கீழே முனையில் ஆட்டோ ஸ்டாண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் அங்கே கொடியை ஏற்றுவார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. முதல் வருடம் தற்செயலாக நடந்தது, அடுத்த வருடம் வழக்கமாகிவிட்டது. சாமு அண்ணன் கொம்பு ஊதினால்தான் கொடி ஏறும் என்று தெருவே சொல்லும்.

அந்தச் சாமுவுக்குத்தான் ஆறேழு மாதத்துக்கு முன்னால் முகவாதம் வந்து வலது பக்கம் தொங்கிப்போனது. கண்ணும் கன்னமும் ஓரளவு திரும்பிவிட்டன. உதடு மட்டும் வலது ஓரத்தில் இன்னும் சரியாக மூடவில்லை. வெளியே போங்கள், பேசுங்கள், சிரியுங்கள், மெதுவாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் மூன்றையும் நிறுத்திவிட்டார். கம்பெனிக்கு லீவு. வீட்டுக்குள்ளேயே முகக்கவசம். வாயோரம் குழம்பு வழிகிறதென்று தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாராம். தெருமுனைக்குப் போனால் பத்துப் பேரிடம் பேசாமல் திரும்பாத மனிதர். பதினைந்தாம் தேதிகூட மாடி ஏறவில்லையென்றால் இனி எதற்குமே வெளியே வரமாட்டார் என்பதுதான் எஸ்தரின் பயம். எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

நாங்களும் துறைமுக ஊர்க்காரர்கள்தான். ஆனால் சிங்கப்பூரில் கன்டெய்னர்களைத் தூரத்தில் இருந்து பார்ப்போம், குழந்தைகள் அடுக்கி வைத்த மரக்கட்டை மாதிரி இருக்கும். இங்கே அவை நேராக நம் ஜன்னலுக்கே வந்துவிடுகின்றன. நாங்கள் வந்த டாக்சி இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே அப்படிச் சிக்கியது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். எப்போது நகரும் என்று டேனியல் பதறிக் கேட்டதற்கு, அவசரமாக இருந்தால் ஏன் சார் இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று அன்பாக விசாரித்தார். பக்கத்து லாரி கிளீனர் எங்களுக்கு மோர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தான். அந்த மோருக்காக இன்னொரு தடவை சிக்கலாம் என்று நான் சொன்னதை டேனியல் ரசிக்கவில்லை.

எஸ்தர் சொல்லி அனுப்ப, காப்பாற்ற வந்தவன் தாஸ். அந்த ஆட்டோ ஸ்டாண்டின் செயலாளர், பொருளாளர், கொடியேற்றுபவர், எல்லாம் அவனே. சாமுவைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் தோஸ்து. எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு இடையில் புகுந்து, எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த தன் ஆட்டோவில் திணித்தான். பெட்டிக்குமேல் நான், எனக்குமேல் இன்னொரு பெட்டி. இந்தத் தடவை பெரிய கம்பமாக வாங்கியிருக்கிறோம், அண்ணன் கண்டிப்பாக ஊதிவிடுவார் அல்லவா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். நான் பெட்டிக்குப் பின்னால் இருந்து, ஊதிவிடுவார் என்று பொய் சொன்னேன்.

வீட்டில் சாமு எழுந்து நின்று, "வாங்க அண்ணி" என்றார், முகக்கவசத்துக்குள் இருந்து. அண்ணனைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், அறைக்குள் போய்விட்டார். எஸ்தர் தேங்காய்ப்பால் ஊற்றி வஞ்சிரம் மீன் குழம்பு வைத்திருந்தாள். புளிப்பும் காரமுமாக, நாக்கைக் கட்டிப்போடுகிற குழம்பு. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டதில் அதன் ருசி பாதி போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உதடு கோணினால் என்ன, எங்கள் முன்னால்தானே சாப்பிடவேண்டும் என்று கத்தத் தோன்றியது. டேனியல் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் காலையில்தான் எஸ்தர் முழுக் கதையையும் சொன்னாள். போன மாதம் ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் சாமு கொம்பை ஊதிப் பார்த்திருக்கிறார். காற்றும் எச்சிலும்தான் வந்திருக்கிறது. ஆத்திரத்தில் சுவரில் அடித்துவிட்டார். நீளவாக்கில் விரிசல். அப்படி விரிசல் விட்ட கொம்பு வழிபாட்டுக்கு ஆகாதாம். இதை ஃபோனிலேயே சொல்லியிருந்தால் ஒன்று வாங்கி வந்திருப்போமே என்று நான் கடிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது அக்கா என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டேனியல் கதவருகே போய்த் தம்பியிடம் பேசினார். எனக்குப் புரிந்த மராத்தியில் சொல்கிறேன். கொம்பை வாயின் வலது பக்கம் வைத்து ஊதவேண்டும் என்பது விதி. அந்த வலது பக்கம்தான் போய்விட்டதே என்றார் தம்பி. முடிந்தால் வலது பக்கம் என்றுதானே எழுதியிருக்கிறது, இடது பக்கம் ஊது என்றார் அண்ணன். அப்பா ஒரு நாளும் இடது பக்கம் ஊதியதில்லை, அரைகுறையாகச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம் என்று பதில் வந்தது. அதோடு கதவு சாத்தப்பட்டது.

ஊதுகிறாரோ இல்லையோ, கொம்பு இருந்தாகவேண்டும் என்று நானும் எஸ்தரும் தீர்மானித்தோம். தாஸிடம் சொன்னோம். மதியத்துக்குள் வந்துவிட்டான், தோளில் துண்டுபோல ஒரு பொருளைச் சாத்திக்கொண்டு. எருமைக் கொம்பு. என் கை நீளம். இதை ஊதினால் எண்ணூர் வரைக்கும் கேட்கும் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. டேனியல் தர்மசங்கடத்தோடு விளக்கினார், நான் தமிழில் சொன்னேன்: மாட்டு இனத்துக் கொம்பு கூடாது. பாலைவனத்தில் எங்கள் முன்னோர் தங்கத்தில் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டுப் பெரிய பாவம் பண்ணிவிட்டார்கள். இரக்கம் கேட்டுப் போகிற இடத்துக்கு அந்தப் பாவத்தை ஞாபகப்படுத்துகிற பொருளையே எடுத்துப் போகலாமா?

தாஸ் கொஞ்சம் யோசித்தான். "அத்த சொல்லு. புழல் ஜெயில்ல உள்ள கீறவனையே ஜாமீன் கையெய்த்து போட இட்டாந்தா மாரி." இந்த விளக்கத்தைக் கேட்டு டேனியல் எழுந்து நின்று கைகொடுத்தார். எத்தனையோ யூத குருமார் பக்கம் பக்கமாக எழுதியதை இவன் ஒரே வரியில் முடித்துவிட்டான் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் ஆடு அறுக்கிற புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் இருந்து செம்மறிக் கிடாவின் கொம்பு வந்து சேர்ந்தது. சுருண்டு, அழகாக, ரத்தம் காயாமல். உள்ளே இருக்கிற எலும்பை எடுக்க அதை மணிக்கணக்கில் வேகவைக்கவேண்டும். அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. நகத்தை எரித்து, அதில் பழைய சாக்ஸைப் போட்டுக் கிளறியதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டு மேரி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இன்னா எஸ்தரு பாயா வைக்கிறியா, கெட்டுப்போச்சு தூக்கிப் போடு என்று எச்சரித்தார். டேனியல், சாமுவேல் என்ற பெயர்களைக் கேட்டு எங்களை அவருடைய சர்ச்சில் சேர்ப்பதற்கு இந்த அம்மாள் பல வருடமாக முயன்று வருகிறார். யூதர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், அதுவும் நம்ம ஆண்டவர் ஜாதிதானே என்று முடித்துவிடுவார்.

நான் நாற்றத்தில் இருந்து தப்பி, கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவில் இருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். எங்கள் ஊர் மீ கோரெங் மாதிரி வாணலியில் வதக்குவதில்லை. புளித்தண்ணீர், வெங்காயம், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். சிங்கப்பூர் என்றதும், அங்கே எல்லாம் சுத்தமாக இருக்குமாமே, அப்புறம் எப்படி ருசியாக இருக்கும் என்று கேட்டார். இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் திருவொற்றியூரில் ஒரு லேத்துப் பட்டறை. கொம்பின் நுனியை அறுத்து, துளை போட்டுக் கொடுத்தார்கள். டேனியல் வாங்கி ஊதிப் பார்த்தார். ஊதுவது தம்பியின் வேலை, இவருக்கு அது வராது. பட்டறையே பார்த்துக்கொண்டிருக்க, சைக்கிள் டயரில் காற்று போகிற சத்தம் வந்தது. தாஸ் கொம்பைப் பறித்து வைத்துக்கொண்டான். ஓரமெல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்கிப் பதினைந்தாம் தேதி காலையில் தானே கொண்டுவருவதாகச் சொன்னான். அவனிடம் விட்டுவந்தபோது எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பதினான்காம் தேதி மலிதா வேலை. நன்றி சொல்லும் நாட்களில் பெனே இஸ்ரேல் வீடுகளில் படைப்பது அது. அவலை ஊறவைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய், முந்திரி சேர்த்து, சுற்றிலும் பழங்களை அடுக்குவார்கள். அவல் வாங்கப் போன இடத்தில், திருநெல்வேலிப் பக்கத்துக் கடைக்காரர், கிருஷ்ண ஜெயந்திக்கா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வெண்ணெயையும் பொட்டலத்தில் வைத்துவிட்டார்.

ஏலக்காயைத் தட்டிக்கொண்டே எஸ்தர் ஒரு தந்திரம் செய்தாள். அண்ணன் தம்பிக்குள் வருடாவருடம் ஃபோனில் ஒரு சண்டை உண்டு. துதிப் பாடல்களுக்கு முன்னால் ஆசீர்வாத வாக்கியத்தைச் சொல்லலாமா கூடாதா? அது கடவுள் கட்டளையிட்ட பண்டிகைகளுக்கு மட்டும்தான், சுதந்திர தினத்துக்குச் சொன்னால் ஆண்டவர் பெயரை வீணாக எடுத்த குற்றம் என்பது டேனியல் கட்சி. பிறந்த மண்ணுக்கு விடுதலை கிடைத்ததற்குச் சொல்லாத ஆசீர்வாதம் எதற்கு இருக்கிறது என்பது சாமு கட்சி. இந்த வருடம் ஆசீர்வாதம் வேண்டாம், அவர்தான் வரப்போவதில்லையே, நீங்கள் சொல்கிறபடியே செய்துவிடலாம் மச்சான் என்று எஸ்தர் கதவுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்.

உள்ளே இருந்து இடி முழங்கியது. மராத்தியும் இந்தியுமாக, நிறுத்தாமல், உதாரணங்களோடு. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அண்ணன். மாதக்கணக்கில் அவர் இவ்வளவு பேசியதில்லை என்று எஸ்தர் சின்ன உலக்கையும் கையுமாக நின்று சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. ஆனால் கதவு திறக்கவில்லை.

பதினைந்தாம் தேதி விடிந்தது. தெரு முழுக்கத் தோரணம். ஒலிபெருக்கி. ஆட்டோக்கள் குளித்து, மாலை போட்டு வரிசையாக நின்றன. தாஸ் கரைவேட்டி கட்டி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு படியேறி வந்தான். பிரித்தான்.

கொம்பு மூவர்ணத்தில் இருந்தது. ஊதுகிற முனையில் காவி, நடுவில் வெள்ளை, அகன்ற முனையில் பச்சை. வெள்ளையில் நீல நிறச் சக்கரம், ஆரங்களோடு. மாட்டுப் பொங்கலுக்குக் காளையைச் சோடிக்கிற மாதிரி நுனியில் ஒரு மஞ்சள் குஞ்சம், அதில் ஒரு சலங்கை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா மொட்டையாகக் கொடுக்க மனசு வரவில்லை என்றான். வர்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை, பார்த்துப் பிடிக்கச் சொன்னான்.

டேனியல் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொம்பில் செதுக்கலாம், ஆனால் வர்ணத்தால் உருவம் வரையக் கூடாது, நூலில் தெளிவாக இருக்கிறது, வழிபாட்டுக்கு இது ஆகாது என்றார் ஆங்கிலத்தில். மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தாஸுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் சுருங்கிப்போனது. கெரசின் போட்டுத் துடைத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டான்.

அப்போதுதான் கதவு திறந்தது. சாமு வந்து நின்று கொம்பைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். குஞ்சத்தை விரலால் தட்டினார், சலங்கை கிணுகிணு என்றது. முதலில் அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு மூச்சு முட்டி, முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடது பக்கம் மட்டும் மேலே போகிற, கோணல்மாணலான சிரிப்பு. அதைப் பார்த்து நான் சிரித்தேன், எஸ்தர் சிரித்தாள், தாஸ் ஒன்றும் புரியாமல் சிரித்தான். கடைசியில் டேனியலும் நாற்காலியில் கிடந்து குலுங்கினார்.

சிரித்து ஓய்ந்ததும் சாமு தீர்ப்பு சொன்னார், தாஸுக்கும் புரிகிற மாதிரி. "அந்தச் சட்டம் நம்ம புது வருஷத்துக்கு ஊதுற கொம்புக்குத்தான் அண்ணா. அது கடமை. இது சந்தோஷத்துக்கு ஊதுறது. இவன் ஆசையா பண்ணிகினு வந்துகீறான். செல்லும்."

எஸ்தரின் சிரிப்பு அப்படியே நின்றது. கோபம் வந்தால் அவள் புருஷனை ஒருமையில்தான் பேசுவாள். "அவன் பெயிண்ட்டுக்கு வளையுற சட்டம், உன் வாய்க்கு மட்டும் வளையாதா?"

சாமு தாஸிடம் இருந்து கொம்பை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியில் இருந்து தன் தொழுகைச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். தாஸ் மட்டும் கீழ்நோக்கி ஓடினான், கயிற்றைப் பிடிக்க.

மாடியில் ஒரு பக்கம் துறைமுகத்து கிரேன்கள், இன்னொரு பக்கம் மேரி அக்காவின் துணிக்கொடி. சாமு ஆசீர்வாதத்தைச் சொல்லியே ஆரம்பித்தார். டேனியல் வானத்தைப் பார்த்தார், ஆனால் ஆமென் சொன்னார். சில எழுத்துகள் உதட்டோரம் காற்றாகப் போயின. அவர் நிறுத்தவில்லை. பாடல்களுக்குப் பிறகு, ராஜாக்களுக்கு வெற்றி தருபவரே என்று தொடங்குகிற பிரார்த்தனை. குடியரசுத் தலைவர், பிரதமர், மந்திரிகளுக்கு எல்லாம் நல்ல புத்தி கேட்டுவிட்டு, சாமு தன் பங்குக்குத் தமிழில் சேர்த்துக்கொண்டார்: ஸ்டாண்டில் எல்லாருக்கும் சவாரி கிடைக்கட்டும், மெட்ரோ தண்ணி லாரி தினமும் வரட்டும், கன்டெய்னர் லாரிகள் வழிவிடட்டும். கடைசி வேண்டுதலுக்கு நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

கொம்பை எடுத்தார். பழக்கத்தில் அது வலது பக்கம்தான் போனது. ஊதினார். புஸ்ஸென்று காற்று. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் ஊதினார், மறுபடியும் காற்று. எஸ்தர் என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. சாமு கொம்பைத் தாழ்த்தினார். அவர் இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன், மனசுக்குள் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, கொம்பை இடது பக்கம் வைத்தார்.

முதலில் ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கீழே ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு அது பிடித்துக்கொண்டு, தடித்து, கரகரவென்று ஏறி, நீண்டது. நடுவில் நடுங்கியது, சலங்கை வேறு கூடவே ஆடியது, ஆனாலும் அறுந்துபோகவில்லை. மூச்சு தீருகிறவரை ஊதினார். துறைமுகத்தில் இருந்து ஏதோ கப்பல் தற்செயலாகச் சங்கு ஊதியது. பதில் வந்துவிட்டதென்று தெரு கைதட்டியது. கீழே தாஸ் கயிற்றை இழுத்தான், கொடி ஏறி விரிந்து பூக்களைக் கொட்டியது. எஸ்தர் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான். அழுதுகொண்டே கைதட்டினேன்.

மலிதா அண்டாவைக் கீழே ஸ்டாண்டுக்கே இறக்கிவிட்டோம். சாமு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், தட்டு மடியில். சுற்றிலும் தாஸ், மேரி அக்கா, பாதித் தெரு. இடது உதட்டில் காவிப் பெயிண்ட். வலது பக்கம் அவலும் தேங்காயும் ஒழுகித் தாடையில் ஒட்டியிருந்தன. அவருக்கு அது தெரிந்தது. எஸ்தர் முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனாள்.

"உடு எஸ்தரு, துன்னு முடிச்சிட்டு மொத்தமா தொடைச்சிக்கிறேன்" என்று அவள் கையை விலக்கிவிட்டு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.